அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு: ஒரு கேள்வித்தாளின் பயணம்

கடந்த முப்பது நாளில் உங்கள் வீட்டில் எவ்வளவு அரிசி செலவானது? ரேஷன் கடையில் வாங்கியது எத்தனை கிலோ, வெளிக்கடையில் வாங்கியது எத்தனை கிலோ? சொந்த வயலில் விளைந்ததா, கூலியாக வந்ததா? துவரம் பருப்பு எவ்வளவு, கடலை எண்ணெய் எவ்வளவு, முட்டை எத்தனை? வெற்றிலை பாக்குக்கு எவ்வளவு போயிற்று? பேருந்துக்கு எவ்வளவு? கடந்த ஒரு வருடத்தில் வாங்கிய செருப்பு, கட்டிய பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரியில் படுத்த செலவு?

இந்தக் கேள்விகளை இந்திய அரசு தன் மக்களிடம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருகிறது. எல்லோரிடமும் அல்ல. நாடு முழுவதிலிருந்தும் முறைப்படி தேர்ந்தெடுத்த ஊர்களில், முறைப்படி தேர்ந்தெடுத்த வீடுகளில் மட்டும். கேள்விகள் அச்சிட்ட தாளுக்கு அலுவலக வழக்கில் ‘ஷெட்யூல் 1.0’ என்று பெயர். அதிலிருந்து பிறக்கும் தொகுப்புதான் தேசிய மாதிரி ஆய்வின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கு. இந்த நாட்டில் ஏழை யார், எத்தனை பேர், விலைவாசி எவ்வளவு ஏறியது, ரேஷன் அரிசி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்தத் தாளில்தான் தொடங்குகிறது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில், எடுத்து முடித்த ஒரு முழுக் கணக்கையே வெளியிடப்போவதில்லை என்று அரசு அறிவித்தது. அப்போது என்ன அறுந்தது என்பது புரிய வேண்டுமானால் இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

அது பிறந்தது கல்கத்தாவில். சுதந்திரம் வந்த கையோடு, நாட்டின் வருமானம் எவ்வளவு என்று கணக்கிடச் சொல்லி 1949-இல் தேசிய வருமானக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் பி.சி. மகலனோபிஸ், உறுப்பினர்கள் டி.ஆர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ். உற்பத்திக் கணக்கு ஓரளவு கைக்குக் கிடைத்தது. மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதற்கோ நாடு தழுவிய பதிவு இல்லை. மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், வங்காளத்தின் சணல் விளைச்சலை மாதிரி ஆய்வு மூலம் மதிப்பிட்டுப் பழகியிருந்தது. ஒவ்வொரு வயலையும் அளக்காமல், குலுக்கிப் போட்டு எடுத்த சில வயல்களை மட்டும் அளந்து மொத்த விளைச்சலைச் சொல்லும் முறை அது. அதே முறையை நாட்டின் வீடுகளுக்குள் கொண்டுபோகலாம் என்று அவர் நினைத்தார். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது.

முதல் சுற்று 1950 அக்டோபரிலிருந்து 1951 மார்ச் வரை நடந்தது. ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் 1,833 கிராமங்கள் தேர்வாயின. இன்று உட்கார்ந்து படிக்க எளிதாக இருக்கிறது; அன்று கேள்வித்தாளோடு கிளம்பியவர்களுக்கு அது எளிய வேலை அல்ல. சாலை இல்லாத ஊர்கள், பல மொழிகள், எல்லாவற்றுக்கும் மேலாக அளவைகள். மெட்ரிக் முறை வந்திராத காலம். தஞ்சாவூரில் கலம், மரக்கால், படி என்று அளந்தால் வடக்கே மணங்கு, சேர் என்று நிறுத்தார்கள். படி என்ற ஒரே பெயருக்குள்ளும் ஊருக்கு ஊர் கொள்ளளவு மாறும். வீட்டுக்காரர் சொன்ன அளவை எழுதி, அதை ஒரு பொது அளவுக்கு மாற்றி, அதற்கு விலை போட்டு, பிறகுதான் அது ஒரு எண்ணாகும். பணமே கைமாறாமல் நெல்லாகக் கூலி வாங்கிய குடும்பத்தின் செலவை ரூபாயில் சொல்வது எப்படி என்பதற்கும் விதி வகுக்க வேண்டியிருந்தது.

மகலனோபிஸ் இதில் ஓர் உபாயம் வைத்திருந்தார். ஒரே பகுதியில் தனித்தனியான இரண்டு மாதிரிகளை எடுத்து, இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுப்பது. இரண்டு குழுக்களின் விடையும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகிப் போனால் எவ்வளவு விலகுகிறது என்பதையும் சேர்த்து அச்சிடலாம். கணக்கெடுப்பவர்கள் தவறு செய்வார்கள் என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறின் அளவையும் வாசகரிடம் சொல்லிவிடும் நேர்மை அந்த முறையின் எலும்புக்குள் இருந்தது. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

1950களிலும் 60களிலும் இந்தத் தாள் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஊர் ஊராகப் போனது. 1971-இல் வி.எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் எழுதிய ‘இந்தியாவில் வறுமை’ ஆய்வு இதன் எண்களின் மேல் நின்றது. ஒரு மனிதனுக்கு நாளைக்கு 2,250 கலோரி கிடைக்க எவ்வளவு செலவாகும், அந்தச் செலவுக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். வறுமையைப் பற்றிய பேச்சு அதுவரை பெரும்பாலும் உணர்ச்சியாலும் கோஷத்தாலும் நடந்தது. அதன்பிறகு எண்களோடு நடக்கத் தொடங்கியது.

1972-73 முதல் பெரிய அளவிலான ஆய்வு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற வழக்கம் வந்தது. 1977-78, 1983, 1987-88, 1993-94, 1999-2000, 2004-05, 2009-10, 2011-12. இந்த வரிசையை ஒரே மூச்சில் சொல்ல முடிவதே ஒரு சொத்து. உலகில் வேறெந்த ஏழை நாட்டிடமும் இவ்வளவு நீண்ட, இவ்வளவு அடர்த்தியான நுகர்வுப் பதிவு இருந்ததில்லை. 2015-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் தன் ஆய்வின் கணிசமான பகுதியை இந்தத் தரவின் மேல் செய்தவர்.

களத்தில் வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் தேர்வானதும் கள ஆய்வாளர் அங்கே போய் எல்லா வீடுகளையும் பட்டியலிடுவார். வசதியானவை, நடுத்தரமானவை, மற்றவை என்று பிரிப்பார். ஒவ்வொரு பிரிவிலும் சில வீடுகளைக் குலுக்கி எடுப்பார். 2011-12-இல் ஓர் ஊருக்கு எட்டு வீடுகள். பிறகு வாசலில் உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். “அம்மா, போன ஒரு மாசத்துல வெங்காயம் எவ்வளவு வாங்குனீங்க?” என்று கேட்டால் எந்த வீட்டிலும் உடனே கிலோ வராது. “வாரத்துக்கு அரைக் கிலோ இருக்கும். பொண்ணு வந்திருந்தப்ப கூட ஆச்சு” என்று வரும். அதை எண்ணாக மாற்றுவது ஆய்வாளரின் திறமை. முந்நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு இப்படியே. சமைக்க உலை வைத்துவிட்டு வந்தவர், வயலுக்குக் கிளம்ப நின்றவர், கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தவர் எல்லோரும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ரூபாய் கூலி கிடையாது. மாநில அரசுகளும் தங்கள் பங்குக்கு ஒரு மாதிரியை எடுக்கும். தமிழ்நாட்டில் அது பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் வேலை.

இந்தத் தரவு எப்போதும் குறையில்லாமல் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. குறைகள் இருந்தன, பெரிய குறைகள். 1999-2000-இல் நடந்ததை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுச் செலவை முப்பது நாளுக்குக் கேட்டால் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள், ஏழு நாளுக்குக் கேட்டால் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்ற வாதம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சுற்றில் இரண்டு காலத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுவிட்டார்கள். ஒரு பதிலைச் சொன்னவர் அடுத்த பதிலை அதற்கு ஒத்துப்போகும்படி சொன்னார். 1993-94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று வந்தது. அது உண்மையான குறைவா, கேள்வி மாறியதால் வந்த மாயமா என்று பெரிய விவாதமே நடந்தது. டீட்டனும் வேலரி கோஸலும் அந்த விவாதக் கட்டுரைகளை 2005-இல் ஒரு முழு நூலாகத் தொகுத்தார்கள்.

அந்த விவாதம் ஏன் சாத்தியமானது? தரவு வெளியே இருந்ததால். அறிக்கையின் சராசரிகள் மட்டுமல்ல, ஒவ்வொரு வீட்டின் பதிலும், வீட்டை அடையாளம் காண முடியாதபடி பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. இதைத்தான் அலகுநிலைத் தரவு என்கிறோம். கேள்வி மாறாமல் இருந்த சில பொருள்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றைக் கொண்டு மொத்தச் செலவை மறுபடி மதிப்பிட ஆய்வாளர்களால் முடிந்தது. கெட்டுப்போன சுற்று என்று பெயர் வாங்கிய அதிலிருந்தும் நாடு கற்றுக்கொண்டது.

இரண்டாவது உதாரணம் இன்னும் பொருத்தமானது. 2009-10 ஒரு வறட்சி ஆண்டு. உலகப் பொருளாதார நெருக்கடியின் நிழலும் இருந்தது. அந்த ஆண்டின் எண்கள் வழக்கமான வாழ்க்கையைக் காட்டாது என்று அன்றைய அரசு கருதியது. அதற்காக அந்தச் சுற்றை மூடி வைக்கவில்லை. வெளியிட்டது. ஐந்து ஆண்டு காத்திராமல் 2011-12-இல் மறுபடி ஓர் ஆய்வு எடுத்தது. இரண்டையும் பொதுவில் வைத்தது. அரசுக்குச் சங்கடம் வராமல் இல்லை. 2011-இல் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் நகரத்தில் தலைக்கு நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என்று ஒரு வறுமைக் கோட்டைச் சொல்லி நாடெங்கும் வாங்கிக் கட்டிக்கொண்டது. சங்கடம் வந்தாலும் தரவு வெளியே வந்தது என்பதுதான் முக்கியம்.

2011-12 சுற்று இந்தத் தாளின் நடுவயது என்று சொல்லலாம். 7,469 கிராமங்கள், 5,268 நகர்ப்புறத் தொகுதிகள், 1,01,662 வீடுகள். அதன் மேல் என்னென்ன ஏறி உட்கார்ந்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

முதலில் வறுமைக் கோடு. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி கிராமத்தில் தலைக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய், நாட்டில் 21.9 சதவீதம் பேர் அதற்குக் கீழே. சி. ரங்கராஜன் குழு 2014-இல் வேறு முறையில் கணக்கிட்டு 29.5 சதவீதம் என்றது. இரண்டும் ஒரே சுற்றின் பிள்ளைகள். அடுத்தது விலைவாசிக் குறியீடு. ரிசர்வ் வங்கி பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைக்கப் பாடுபடுகிறதே, அந்தப் பணவீக்கத்தை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டில் இந்தச் சுற்றை வைத்து உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீத எடை தரப்பட்டிருந்தது. குடும்பங்கள் 100 ரூபாயில் 45.86 ரூபாயை உணவுக்கும் பானங்களுக்கும் செலவழித்தன என்பது இந்தத் தாள் சொன்ன சேதி. வீட்டுக் கடன் வட்டி ஏறுவதும் இறங்குவதும் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பெண்மணி வெங்காயத்துக்குச் சொன்ன கணக்கோடு இப்படித் தொடர்பு கொள்கிறது.

பிறகு ரேஷன். 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் மக்களுக்கு என்று வரம்பு வைத்தது. எந்த மாநிலத்துக்கு எத்தனை சதவீதம் என்று திட்டக் குழு பிரித்ததும் 2011-12 நுகர்வுக் கணக்கை வைத்துத்தான். அட்டைதாரர் எல்லோருக்கும் அரிசி என்ற முறையை விடாமல் பிடித்துக்கொண்ட தமிழ்நாடு 2016 நவம்பரில்தான் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. அப்போதும் மத்தியிலிருந்து சட்டப்படி வரும் தானியத்தின் அளவை முடிவுசெய்ததில் இந்தத் தாளுக்குப் பங்கு உண்டு.

இவை எல்லாவற்றிலும் என் மனதுக்கு நெருக்கமான பயன் வேறு ஒன்று. ரேஷன் கிடங்கிலிருந்து எவ்வளவு தானியம் வெளியேறியது என்பது அரசுக் கணக்கில் இருக்கும். வீடுகளுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது ஷெட்யூலில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வழியில் காணாமல் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸும் ரீதிகா கேராவும் இப்படிக் கணக்கிட்டு, 2004-05-இல் பாதிக்கு மேல் போயிருந்த கசிவு 2011-12-இல் 41.7 சதவீதமாகக் குறைந்தது என்று காட்டினார்கள். எந்த மாநிலம் சீர்திருத்தியது, எது சீர்திருத்தவில்லை என்பதும் அதில் வெளிச்சமாயிற்று. தணிக்கையாளர் நுழைய முடியாத சமையலறைக்குள் இந்தத் தாள் நுழைந்து வந்ததால் கிடைத்த அறிவு இது.

அடுத்த பயணம் 2017 ஜூலை 1-இல் தொடங்கியது. நாடெங்கும் சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்ததும் அதே நாள்தான். எட்டு மாதங்களுக்கு முன்னால் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாமல் போயிருந்தன. உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நடக்கும் முதல் பெரிய நுகர்வு ஆய்வும் இதுவே. இந்த மூன்றின் விளைவும் வீடுகளில் எப்படி விழுந்தது என்று காட்டக்கூடிய ஒரே கண்ணாடி அது. 2018 ஜூனில் களப்பணி முடிந்தது. எண்கள் தொகுக்கப்பட்டன. அறிக்கை தயாரானது.

வெளியே வரவில்லை.

2019 புள்ளியியல் துறைக்கே நெருக்கடியான ஆண்டு. வேலையின்மை 6.1 சதவீதம் என்று சொன்ன தொழிலாளர் ஆய்வறிக்கை நிறுத்தி வைக்கப்பட்டதை ஒட்டி, ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து அதன் செயல் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். அந்த அறிக்கை தேர்தல் முடிந்து மே 31-இல் வெளியானது. நுகர்வுக் கணக்குக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 2019 நவம்பர் 15-இல் ‘பிசினஸ் ஸ்டாண்டர்ட்’ நாளிதழ் அந்த அறிக்கையின் எண்களை வெளியிட்டது. விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் ஒரு தலைக்கான மாதச் செலவு 2011-12-இல் 1,501 ரூபாயாக இருந்தது 2017-18-இல் 1,446 ரூபாயாகிவிட்டது, 3.7 சதவீத வீழ்ச்சி. நகரத்தில் 2 சதவீதம் உயர்வு, கிராமத்தில் 8.8 சதவீதம் சரிவு. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இல்லாத ஒன்று என்று அந்தச் செய்தி சொன்னது.

அன்றே புள்ளியியல் அமைச்சகம் அறிக்கை விட்டது. தரவின் தரத்தில் சிக்கல் இருக்கிறது. நுகர்வின் அளவும் அது மாறும் திசையும் பொருள்கள், சேவைகளின் உற்பத்தி பற்றிய நிர்வாகப் பதிவுகளோடு பொருந்தவில்லை. ஆகவே 2017-18 முடிவுகளை வெளியிடப்போவதில்லை. 2020-21-இலும் 2021-22-இலும் புதிய ஆய்வு நடத்த முடியுமா என்று பார்க்கப்படும்.

இந்தக் காரணத்தை நான் கேலியாகத் தள்ளிவிடவில்லை. வசதியானவர்கள் இத்தகைய ஆய்வில் சரியாகச் சிக்குவதில்லை. பெரிய அடுக்குமாடிகளில் காவலாளியைத் தாண்டி உள்ளே போவதே பாடு. சேவைகளுக்கான செலவை இந்தத் தாள் முழுதாகப் பிடிப்பதில்லை. தேசியக் கணக்கு சொல்லும் மொத்த நுகர்வுக்கும் ஷெட்யூல் சொல்லும் மொத்தத்துக்கும் இடைவெளி உண்டு, அது விரிந்துகொண்டும் போகிறது. ஆனால் அந்த இடைவெளி 2017-இல் முளைத்தது அல்ல. எழுபதுகளிலிருந்து தெரிந்தது, இரண்டு தலைமுறைப் பொருளாதார அறிஞர்கள் அதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த அளவுகோலால் ஒரு சுற்றைத் தள்ளலாம் என்றால் அதற்கு முந்தைய சுற்றுகளில் பலவற்றையும் தள்ளியிருக்க வேண்டும். 1999-2000-ஐ வெளியிட்டோம், திருத்திப் படித்தோம். 2009-10-ஐ வெளியிட்டோம், மறுபடி எடுத்தோம். 2017-18-ஐ மட்டும் ஏன் யாரும் பார்க்கவே கூடாது? இதற்கு எனக்கு நியாயமான பதில் கிடைக்கவில்லை. அந்த வாரமே இருநூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் தரவை வெளியிடக் கோரிக் கடிதம் எழுதினார்கள். டீட்டன், தாமஸ் பிக்கெட்டி, ஜான் திரேஸ் அவர்களில் சிலர்.

சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றியவரும் வறுமை அளவீட்டில் உலகறிந்தவருமான எஸ். சுப்பிரமணியன், கசிந்த அறிக்கையின் அட்டவணைகளை மட்டும் வைத்துக்கொண்டு கிராமப்புற வறுமை கூடியிருக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். வீட்டு வாரியான பதில்கள் கையில் இருந்தால் ஒரு முதுநிலை மாணவர் செய்துவிடக்கூடிய கணக்கு. அவ்வளவு தேர்ந்த ஒருவர் கசிவுத் தாள்களிலிருந்து அதைப் பிழிந்தெடுக்க வேண்டியிருந்தது.

பிறகு வந்தது பெருந்தொற்று. மாற்று ஆய்வு நடக்கவில்லை. 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. நூற்று முப்பது கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நாட்டில் வீடுகள் எவ்வளவு செலவழிக்கின்றன என்பதற்குக் கடைசி அரசுச் சான்று 2012 ஜூன் மாதத்தோடு நின்றது.

அந்த வெற்றிடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு மாதத்தைப் பார்த்தால் போதும். 2022 ஏப்ரலில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. சுர்ஜித் பல்லா, கரண் பாசின், அரவிந்த் விர்மானி மூவரும் பன்னாட்டு நிதியத்தின் ஆய்வுத்தாள் வரிசையில் எழுதியது ஒன்று. அவர்கள் 2011-12 கணக்கை எடுத்துக்கொண்டு, தேசியக் கணக்கு சொல்லும் வளர்ச்சி வேகத்தில் அதை முன்னோக்கி உருட்டி, இலவச உணவு தானியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2019-இல் இந்தியாவில் கடும் வறுமை 0.8 சதவீதம் என்றார்கள். உலக வங்கியின் சுதீர்த்தா சின்ஹா ராய், ராய் வான் டெர் வெய்டே இருவரும் எழுதியது மற்றொன்று. அவர்கள் சி.எம்.ஐ.இ. என்ற தனியார் நிறுவனத்தின் குடும்ப ஆய்வை எடுத்து, எடைகளைத் திருத்தி, 10.2 சதவீதம் என்றார்கள்.

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே சர்வதேச வறுமைக் கோடு. ஒரு விடையின்படி ஏழைகள் ஒரு கோடிச் சொச்சம். மற்றொன்றின்படி பதினான்கு கோடி. நடுவில் நிற்கும் பதின்மூன்று கோடிப் பேர் ஏழைகளா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு தரப்பும் திறமையான ஆட்கள்தான். சரிபார்க்க ஒரு பொதுக் கணக்கு இல்லை, அதுதான் குறை. தனியார் தரவு சந்தா கட்டியவர்களுக்கே கிடைக்கும். அதன் மாதிரியில் மிக ஏழ்மையான வீடுகள் போதிய அளவு வரவில்லை என்று திரேஸும் அன்மோல் சோமஞ்சியும் 2021-இல் எழுதியிருந்தார்கள். பணம் கட்டத் தேவையில்லாமல் ஒரு மாவட்டக் கல்லூரி ஆசிரியரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய அரசுத் தரவின் இடத்தை அது நிரப்பவில்லை; நிரப்பும் கடமையும் அதற்கு இல்லை.

விலைவாசிக் குறியீடும் 2011-12-லேயே சிக்கிக்கொண்டது. வருமானம் கூடக்கூட வீட்டுச் செலவில் உணவின் பங்கு குறையும். போக்குவரத்து, கைபேசி, மருத்துவம், படிப்பு ஆகியவற்றின் பங்கு ஏறும். எடைகள் மாறாததால் தக்காளி விலை ஏறிய மாதங்களில் குறியீடு வீட்டுச் செலவை விட அதிகமாகக் குதித்தது. கல்விக் கட்டணம் ஏறியபோது அது போதிய அளவு அசையவில்லை. டேப் ரெக்கார்டரும் வி.சி.டி. பிளேயரும் அந்தக் கூடையில் அப்படியே கிடந்தன. அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் வட்டி விகிதம் முடிவானது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ரேஷன் கசிவு குறைந்ததா என்ற கேள்வி, சட்டத்தைத் திருத்த உதவியிருக்கக்கூடிய காலம் முழுவதும் பதிலில்லாமல் நின்றது. இது என்னை மிகவும் உறுத்துகிறது. குறைந்திருந்தால் அந்தப் பெருமை அரசுக்கே சேர்ந்திருக்கும்.

2022 ஆகஸ்டில் தாள் மறுபடி கிளம்பியது. இப்போது அது தாளே இல்லை. ஆய்வாளர் கையில் கைக்கணினி. பொருள்கள் 347-லிருந்து 405 ஆகின. ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுக் களைப்பூட்டாமல், உணவு ஒரு முறை, அன்றாடப் பொருள்களும் சேவைகளும் ஒரு முறை, நீடித்து உழைக்கும் பொருள்கள் ஒரு முறை என மூன்று வருகைகள். இலவசமாகக் கிடைத்த அரிசி, மடிக்கணினி, மிதிவண்டி, பள்ளிச் சீருடை ஆகியவற்றையும் தனியாகக் குறித்து மதிப்புப் போட்டார்கள்; தமிழ்நாட்டு வீடுகளின் வாழ்க்கையை இது முன்பைவிட நன்றாகப் படம் பிடிக்கும். வீடுகள் 2,61,746. இவை நல்ல மாற்றங்கள். 2024 பிப்ரவரி 24-இல் முதல் எண்கள் வந்தன: ஒரு தலைக்கு மாதச் செலவு கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய். தமிழ்நாட்டில் கிராமம் 5,310, நகரம் 7,630. கிராமச் செலவில் உணவின் பங்கு 52.9 சதவீதத்திலிருந்து 46.38 சதவீதமாக இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு சுற்றும் நடந்தது. 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய விலைக் குறியீட்டுக்கு அந்தச் சுற்றே எடை தருகிறது. வீட்டு வாரியான தரவும் இலவசமாகக் கிடைக்கிறது. இதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. 2011-12-க்கும் 2022-23-க்கும் நடுவில் தெரியும் வளர்ச்சியில் எவ்வளவு மக்கள் உண்மையில் கூடுதலாகச் செலவழித்ததால் வந்தது, எவ்வளவு மூன்று முறை போய்க் கேட்டதால் வந்தது? மாதிரியும் மாறியது: கிராமத்தில் நிலத்தின் அளவை வைத்தும் நகரத்தில் கார் இருப்பதை வைத்தும் வீடுகளை வகைப்படுத்தினார்கள். பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையே பாலமாக நின்றிருக்கக்கூடியது 2017-18. மூன்று வருகைகள் வருவதற்கு முந்தைய கடைசிப் பெரிய சுற்று அது. அது இல்லாததால் பதினோரு ஆண்டுகளை ஒரே தாவலில் கடக்க வேண்டியிருக்கிறது. நோட்டுத் தடையும் புதிய வரியும் பெருந்தொற்றும் அந்தத் தாவலுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. எது எந்த வீட்டை எவ்வளவு அழுத்தியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இனி எத்தனை நல்ல ஆய்வு நடத்தினாலும் 2017-இல் ஒரு குடும்பம் எவ்வளவு பருப்பு வாங்கியது என்று 2027-இல் போய்க் கேட்க முடியாது.

கேட்டாகிவிட்டது என்பதுதான் விஷயம். அவர்கள் பதில் சொன்னார்கள். கள ஆய்வாளர்கள் வெயிலில் அலைந்து எழுதினார்கள், மேற்பார்வையாளர்கள் சரிபார்த்தார்கள், வரிப்பணம் செலவாயிற்று. அந்தச் சுற்றின் வீட்டு வாரியான தரவை 2011-12-க்கும் 2022-23-க்கும் செய்தது போலவே பெயர் நீக்கி அமைச்சகத்தின் தளத்தில் ஏற்றலாம். புதிய ஆய்வு வந்துவிட்டதால், பழைய எண் ஒரு செய்தித்தாளின் தலைப்பாகி அரசைக் கலங்கடிக்கும் காலமும் போய்விட்டது. அமைச்சகம் கண்ட தரக்குறைகள் என்னென்ன, எந்த மாநிலத்தில், எந்தப் பொருள்களில் என்று ஒரு தனி அத்தியாயம் எழுதிச் சேர்க்கட்டும். நிர்வாகப் பதிவோடு எங்கே பொருந்தவில்லை என்பதையும் அட்டவணையாகப் போடட்டும். 1999-2000-ஐத் திருத்திப் படிக்கக் கற்றுக்கொண்ட ஆய்வாளர்கள் இதையும் படித்துக்கொள்வார்கள்.